அரமும் மரமும்

இலக்கியம் பேசும் இடத்தில் இரம்பத்தைப் பற்றி எழுத வந்ததற்கு அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். திருக்குறளின் பண்புடைமை அதிகாரத்தில் அரமும் மரமும் ஒரே குறளில் வருகின்றன. அறிவின் கூர்மைக்கு அரம் உவமை. பண்பில்லாத மனிதருக்கு மரம் உவமை. உடன்பிறந்தோர் இருவரான எங்களில் மூத்தவர் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர். இளையவர் ஊரிலிருந்து நிலத்தைப் பார்ப்பவர். மூத்தவர் இக்குறளை ஆண்டுதோறும் நடத்தியவரேயன்றி அரத்தைக் கையால் தொட்டவரல்லர். இளையவரிடம் அரம் ஒன்று இருந்தது; மண்வெட்டி தீட்டுவதற்கு மேல் அதற்கு வேலை இருந்ததில்லை. எங்கள் இருவரையும் ஒன்றாக உட்கார வைத்து அரம் பாடம் நடத்தியது 2018ஆம் ஆண்டின் கடைசியில்.

அவ்வாண்டு நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. கடற்கரையோடு அது நின்றுவிடவில்லை. தஞ்சை, திருவாரூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் உட்பகுதிகள் வரை தென்னையையும் மாவையும் பலாவையும் சாய்த்துக்கொண்டே போயிற்று. ஆலங்குடிக்குக் கிழக்கே, பலாவுக்குப் பேர்போன செம்மண் பூமியில் இருக்கிறது எங்கள் தோட்டம். விடிந்தபோது தென்னைகளில் பாதிக்கு மேல் தரையில் கிடந்தன. கிணற்றடியில் எங்கள் தந்தையார் நட்டு வளர்த்த பலா வேரோடு சாய்ந்து, வேர்க்குழியில் மழைநீர் நிறைந்திருந்தது. அவர் மறைந்து அப்போது மூன்றாண்டுகள் ஆகியிருந்தன.

தென்னையை அகற்றாமல் அடுத்த பயிர் செய்ய இயலாது. ஆளுக்குத் தட்டுப்பாடு. ஆகவே இளையவர் 70 சி.சி. திறனுள்ள சங்கிலி இரம்பம் ஒன்றைப் பழையதாக வாங்கினார். ஊரில் அதை மரம் அறுக்கும் மிஷின் என்பார்கள். கடைக்காரர்கள் செயின் சா என்பார்கள். பலாவை விறகு வியாபாரி ஒருவர் கேட்டார். அவர் சொன்ன விலை அறுப்புக் கூலிக்கே போதாது. அறுவை ஆலைகளிலோ முற்றம் நிறைய மரம். ஏற்றிச்செல்ல வண்டியும் கிடைக்கவில்லை. அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அதுல ஒரு ஊஞ்சப் பலகை மட்டும் எடுத்துக் குடுங்கடா. மிச்சத்த என்ன வேணும்னாலும் பண்ணுங்க."

இதில் எங்களுக்குள் மனத்தாங்கலும் உண்டு. மூத்தவருக்கு அது அப்பாவின் மரம். ஒரு சுள்ளியும் வீணாகக் கூடாது. இளையவருக்கோ அது நூறு வேலைகளில் நூற்றோராவது வேலை. வெளியூரிலிருந்து ஞாயிறுதோறும் வந்து போகிறவருக்கு நினைவு இனிமையாகத்தான் இருக்கும், அன்றாடம் நிலத்தில் நிற்பவருக்குத்தானே அதன் பாரம் தெரியும் என்று இளையவர் ஒருமுறை சொன்னார். அதன்பின் இரண்டு வாரம் எங்களுக்குள் பேச்சுக் குறைந்திருந்தது.

சங்கிலி இரம்பத்தைக் கொண்டு பலகை அறுக்க ஒரு சட்டம் வேண்டும். அலாஸ்கன் மில் என்று உலகெங்கும் வழங்கும் அமைப்பு அது. இரம்பத்தின் நீண்ட தகடாகிய பாரை இரு முனையிலும் கவ்விக்கொண்டு, மரத்தின் மேற்பரப்பில் வழுக்கிச் செல்லும். சட்டத்துக்கும் பாருக்கும் உள்ள இடைவெளியே பலகையின் கனம். ஆலங்குடியில் ஒரு வெல்டிங் பட்டறையில் படத்தைக் காட்டி அதைச் செய்துகொண்டோம். உருண்டை மரத்தின் மேல் முதல் அறுப்புக்குச் சமதளம் இராது. எனவே அலுமினிய ஏணி ஒன்றை அடிமரத்தின்மேல் படுக்கவைத்து இறுக்கி, அதன்மேல் சட்டத்தை ஓட்டினோம். எட்டடி நீளம், பதினெட்டு அங்குலக் குறுக்களவு. எளிய வேலை என்றுதான் எண்ணினோம்.

இரண்டடி போவதற்குள் புகை வந்தது. எஞ்சின் அலறியதே தவிரச் சட்டம் நகரவில்லை. தள்ளத் தள்ள இரம்பம் கீழ்நோக்கி இறங்கியது. நாற்பது நிமிடத்தில் அறுப்பு முடிந்தபோது கிடைத்தது பலகையன்று. ஒரு பக்கம் இரண்டு அங்குலமும் மறுபக்கம் ஓர் அங்குலமுமாக, அலையடித்துக் கருகிய ஒரு மரத்துண்டு. இரண்டாவது அறுப்பும் அப்படியே. "அண்ணே, வெறகுக்கே போட்ருக்கலாம்" என்று சொல்லி இளையவர் இரம்பத்தைத் தரையில் வைத்தார். மூத்தவரிடம் மறுமொழி இல்லை.

அன்று மாலை எங்கள் வீட்டுக் கதவு, சன்னல்களைச் செய்த ஆசாரி ஐயா வந்தார். எழுபதைக் கடந்தவர். பள்ளம் வெட்டி, மேலே ஒருவரும் கீழே ஒருவருமாக நின்று பெரிய வாளால் மரம் ஈர்ந்த காலத்து மனிதர். சங்கிலி இரம்பத்தை அவர் தொட்டதே இல்லை. எஞ்சினைப் பார்க்கவும் இல்லை. தரையில் கிடந்த தூளை ஒரு பிடி அள்ளி விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தார்.

"மாவாட்டம் இருக்கு தம்பி. பல்லு கடிக்கல, தேய்க்குது" என்றார். பிறகு சங்கிலியை விரலால் தடவி, "இது குறுக்கறுப்புப் பல்லுல்ல? இத வச்சு நெடுக்க அறுத்தா எப்புடி?" என்று கேட்டார்.

எங்கள் தோல்விக்கு அந்த இரண்டு வாக்கியங்களே முழு விளக்கம் என்பது பிறகுதான் புரிந்தது. முதலாவது, கூர். அந்தச் சங்கிலி பதினைந்து நாளாகத் தென்னை அறுத்த சங்கிலி. தொல்காப்பிய மரபியல், உள்ளே வைரமுடையதை மரம் என்றும் வெளியே வைரமுடையதைப் புல் என்றும் பகுக்கிறது. அந்தப் பகுப்பில் தென்னை புல்லினம். தேர்வுக்கு எழுதும் செய்தியாக மட்டுமே எங்களில் மூத்தவர் அறிந்திருந்த அந்தப் பாகுபாடு, இரம்பத்தின் பல்லுக்கு அன்றாட உண்மை. தென்னையின் வெளிப்புறத்து வன்மை பல்லை விரைவில் மழுங்கடித்துவிடும். உள்ளே போனால் சோறு போல இருக்கும். பலாவில் இது தலைகீழ். வெளியே வெளுத்த மென்பகுதி, உள்ளே மஞ்சள் வைரம். புறக்காழில் மழுங்கிய பல்லைக் கொண்டு அகக்காழை அறுக்கப் போனோம். போதாக்குறைக்குத் தரையில் கிடந்த மரத்தில் ஒட்டியிருந்த செம்மணலும் பல்லைத் தின்றிருந்தது.

இரண்டாவது, கோணம். தச்சர்களின் கைவாளில் இருவகைப் பல் உண்டு. குறுக்கறுப்பு வாளின் பற்கள் கத்திமுனை போலச் சாய்த்துத் தீட்டப்பட்டிருக்கும். அவை நாரைத் துண்டிப்பவை. நெடுக்கறுப்பு வாளின் பற்கள் உளிமுனை போல நேராகத் தீட்டப்பட்டிருக்கும்; அவை நாரைச் சீவுபவை. சங்கிலி இரம்பத்திலும் இதே முறைதான். கடையில் கிடைக்கும் வழக்கமான சங்கிலியின் பல், மேற்பரப்பில் ஏறக்குறைய 30 பாகைச் சாய்வில் தீட்டப்பட்டிருக்கும். மரத்தைத் துண்டு போட அது சரி. பலகை அறுக்கையில் ஒவ்வொரு பல்லும் நாரின் முனைகளை நேருக்கு நேர் எதிர்கொள்ள வேண்டும். சாய்வு மிகுந்த பல் பக்கவாட்டில் இழுக்கப்படும். பலகையில் வரி விழும். அதனால் பலகைக்கென்று 10 பாகை அளவில் தீட்டிய சங்கிலி தனியே உண்டு. ரிப்பிங் செயின் என்பது கடைவழக்கு. அது மெல்லத்தான் அறுக்கும். ஆனால் நேராக அறுக்கும்.

இந்தச் சங்கிலிப் பல்லுக்குப் பின்னால் ஒரு புழுவின் கதையும் உண்டு. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் மரம் வெட்டிய ஜோசப் பியூஃபோர்ட் காக்ஸ் என்பவர், 1946இல் ஒரு வண்டின் புழு மரத்தைத் தின்று முன்னேறுவதைக் கண்டார். நாரின் போக்கிலும் அதற்குக் குறுக்கிலும் அது ஒரே எளிமையோடு தின்றது. அதன் தாடைகள் இடமும் வலமுமாக மாறி மாறி இயங்கின. அதைப் பின்பற்றி இடப்பல், வலப்பல் என மாறி மாறி அமைந்த சங்கிலியை அவர் உருவாக்கி 1947இல் தொழில் தொடங்கினார். இன்று எல்லாச் சங்கிலிகளிலும் காணும் வளைந்த பல் அதன் வழிவந்ததே. எங்கள் பலாவின் கிளையொன்றைப் பிளந்தபோது, கைவிரல் பருமனில் வெண்ணிறப் புழு ஒன்று கிடைத்தது. மாவையும் பலாவையும் துளைக்கும் தண்டுத் துளைப்பான். விவசாயிக்கு அது பகைவன். அன்று ஏனோ இளையவர் அதை உடனே நசுக்கவில்லை. சிறிது நேரம் உள்ளங்கையில் வைத்து அதன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆலங்குடியிலும் புதுக்கோட்டையிலும் பலகைச் சங்கிலி கிடைக்கவில்லை. கோவையிலிருந்து வரவழைத்தோம். சங்கிலி வாங்க மூன்று அளவுகள் தேவை. ஒன்று, கண்ணிகளின் நெருக்கம். அடுத்தடுத்த மூன்று ஆணிகளுக்கு இடையேயுள்ள தூரத்தில் பாதி. எங்களுடையது 3/8 அங்குலம். இரண்டு, பாரின் பள்ளத்தில் ஓடும் கண்ணியின் கனம். மூன்று, அந்தக் கண்ணிகளின் எண்ணிக்கை. எங்கள் 24 அங்குலப் பாருக்கு 84. இவற்றில் ஒன்று தவறினாலும் சங்கிலி பாரில் சரியாக உட்காராது. பல்லின் முனையிலும் இருவகை உண்டு. சதுர முனைப் பல் வேகமாக அறுக்கும், விரைவில் மழுங்கும். முனை மழித்த பல் சற்று மெதுவாக அறுக்கும், கூர் நெடுநேரம் நிற்கும். மண் படிந்த வன்மரத்துக்கு இரண்டாவதே ஏற்றது என்று அதையே வாங்கினோம்.

புதுச் சங்கிலி பழத்தை நறுக்குவதுபோல் பலாவுக்குள் போயிற்று. முப்பதடி தூரத்திலேயே பலாவின் பால்மணம். மஞ்சள் தூள் மாவாக அன்றி, அவல்போலச் செதில் செதிலாகப் பறந்தது. எட்டடியைப் பத்து நிமிடத்தில் கடந்தோம். அறுத்த இடைவெளி மூடிப் பாரைக் கவ்விக்கொள்ளாமல் இருக்க, பின்னாலேயே மரச்சக்கைகளைச் செருகிக்கொண்டு வந்தோம். பலாப்பால் சங்கிலியில் பிசினாக ஒட்டியது. பழம் அறுக்குமுன் கையில் எண்ணெய் தடவிக்கொள்ளும் வழக்கத்தை அம்மா நினைவூட்டினார். கைக்கு நல்லெண்ணெய், சங்கிலிக்கு மண்ணெண்ணெய். இந்த முறையில் சேதாரமும் உண்டு. ஒவ்வோர் அறுப்பும் அங்குலத்தில் மூன்றிலொரு பங்கு மரத்தைத் தூளாக்கிவிடும். மூன்று முறை அறுத்தால் ஓரங்குலப் பலகை ஒன்று காற்றில் போயிற்று என்று பொருள். எனவே ஒவ்வோர் அறுப்பும் நேராக இருந்தாக வேண்டும்.

மூன்றாவது அறுப்பில், அடியிலிருந்து ஐந்தடியில், தீப்பொறி பறந்தது.

எஞ்சினை நிறுத்திச் சக்கை வைத்துப் பலகையைத் தூக்கிப் பார்த்தோம். வைரத்தின் நடுவே கருநீலக் கறை. அதன் நடுவில் பாதி அறுபட்ட ஆணி. எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் அது தெரிந்துவிட்டது. பழக்காலத்தில் இரவுக் காவலுக்கு அப்பா அரிக்கேன் விளக்கு மாட்டும் ஆணி. அவர் கட்டிலில் படுத்திருப்பார். நாங்கள் இருவரும் ஒரே போர்வைக்குள் கீழே படுத்திருப்போம். மரம் ஆண்டுதோறும் பருத்து அந்த ஆணியைத் தன்னுள் வாங்கிக்கொண்டது. வெளியே தடயம் இல்லை. சில நொடிகளில் 42 பற்களும் அந்த ஆணியின்மேல் பலமுறை ஓடியிருந்தன. கோவைச் சங்கிலி ஒரே கணத்தில் தென்னை அறுத்த சங்கிலியை விட மோசமாகிவிட்டது.

வேறு சங்கிலி இல்லை. அரம் இருந்தது. அன்று உட்கார்ந்ததுதான் எங்கள் பாடம்.

இதை நெடுநாள் செய்பவர்களுக்குத் தெரிந்தவைதாம் இவை. எங்களைப் போன்ற புதியவர்களுக்காகச் சொல்லி வைக்கிறோம். 3/8 அங்குலச் சங்கிலிக்கு 7/32 அங்குலம், அதாவது 5.5 மில்லிமீட்டர் உருண்டை அரம் வேண்டும். சிறிய சங்கிலிக்கு 4.8, அதனினும் சிறியதற்கு 4 மில்லிமீட்டர். அரத்தின் குறுக்களவில் ஐந்திலொரு பங்கு பல்லின் மேல்விளிம்புக்கு மேலே தெரிய வேண்டும். பல்லின் உட்புறத்திலிருந்து வெளிப்புறமாகத் தள்ள வேண்டும். திரும்பும்போது அரத்தைத் தூக்கிவிட வேண்டும். முன்னும் பின்னும் தேய்த்தால் மழுங்குவது அரம். முதலில் மிகவும் சேதப்பட்ட பல்லைத் தேடி அதைத் தீட்டி முடிக்க வேண்டும். பிறகு மற்ற எல்லாப் பற்களையும் அதன் நீளத்துக்குக் கொண்டுவர வேண்டும். நலமாக இருக்கும் பல்லையும் தேய்த்தாக வேண்டும். இடப்பற்கள் ஒரு நீளமும் வலப்பற்கள் ஒரு நீளமுமாக இருந்தால் இரம்பம் ஒரு பக்கமாகவே போகும். முதல்நாள் பலகை சரிந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொன்று எளிதில் மறந்துபோவது. ஒவ்வொரு பல்லுக்கும் முன்னே சிறு மேடு ஒன்று நிற்கிறது. பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. பல் தேயத் தேய அதன் உயரம் குறையும். மேடு அப்படியே நிற்கும். பிறகு எவ்வளவு தீட்டினாலும் பல் மரத்தைத் தொடாது. எனவே தட்டை அரத்தால் அந்த மேட்டையும் தேய்த்து, பல்லைவிட 0.65 மில்லிமீட்டர் தாழ்வாக வைக்க வேண்டும். மிகுதியாகத் தேய்த்தால் பல் அளவுக்கு மீறிக் கடித்து எஞ்சின் திணறும்.

42 பற்கள்; இடம் 21, வலம் 21. இடப்பற்களை இளையவரும் வலப்பற்களை மூத்தவரும் தீட்டுவதென்று முதலில் பிரித்துக்கொண்டோம். ஆசாரி ஐயா சிரித்தார். "ஒரு கை அழுத்தும், ஒரு கை தடவும். ரெண்டு பேரும் ரெண்டு பக்கம் போட்டா வாள் யாரு பக்கம் போகும்?" என்றார். பிறகு ஒவ்வொரு பல்லுக்கும் இருவரும் தள்ளினோம். ஒருவர் நான்கு, மற்றவர் நான்கு. மூத்தவரின் கை நடுங்கிக் கோணம் மாறியபோது இளையவர் தன் கையை மேலே வைத்துப் பிடித்துக்கொண்டார். ஏறக்குறைய இரண்டு மணி நேரம். அந்த நேரத்தில் விளக்கைப் பற்றியும், வௌவால் விரட்டியதைப் பற்றியும், அப்பாவின் கடைசி மாதங்களில் யார் எத்தனை நாள் மருத்துவமனையில் இருந்தோம் என்பதைப் பற்றியும் பேசினோம். கடைசியாகச் சொன்னதுதான் எங்களுக்குள் இருந்த உண்மையான மனத்தாங்கல். பலாமரம் வெறும் சாக்கு. மூத்தவர் அன்று தம்மிடம் குறை இருந்ததை ஒப்புக்கொண்டார். இளையவர் ஒன்றும் சொல்லாமல் அடுத்த பல்லை அரத்துக்கு நேராக நகர்த்தினார்.

அரத்தைப் பற்றியும் ஒன்று தெரிந்தது. அது கத்தியைப் போலக் கூரானதன்று. விரலை வைத்தால் வெட்டாது. நூற்றுக்கணக்கான நுண்ணிய பற்கள் சேர்ந்து, தம்மைக் கொஞ்சம் கொஞ்சமாக இழந்து, வேறொன்றைக் கூராக்குவது அரம். வகுப்பில் இத்தனை காலம் "அரம், அதாவது கூர்மையான கருவி" என்று சொல்லிக் கடந்து போயிருந்தோம். இப்போது அக்குறளை நடத்தும் நாளில், தேய்ந்த உருண்டை அரம் ஒன்று மாணவர் கைகளில் சுற்றி வருகிறது.

அதன்பின் மறுநாளும் அறுத்தோம். எரிபொருள் தொட்டி ஒவ்வொரு முறை காலியானதும் பல்லுக்கு இரண்டு மூன்று தள்ளல். மழுங்கியபின் தீட்டுவதைக் காட்டிலும் மழுங்குமுன் தீட்டுவது எளிது. நட்ட நடுவில் குருத்து ஓடும் பலகை வெடிக்கும் என்பதால், அதற்கு அடுத்த பலகையை இரண்டங்குலக் கனத்தில் ஊஞ்சலுக்கென்று ஆசாரி ஐயா குறித்துக் கொடுத்தார். பலகைகளின் முனைகளில் பெயிண்டு பூசி, இடையிடையே ஒரே அளவுச் சட்டங்கள் வைத்து, மாட்டுக்கொட்டகையில் அடுக்கினோம். அங்குலத்துக்கு ஓராண்டு உலர வேண்டும் என்பது பொதுக்கணக்கு. இரண்டு ஆண்டு காத்திருந்தோம். மஞ்சள் நிறம் மெல்லச் சிவந்து பழுப்பாயிற்று. தஞ்சாவூர் வீணைக்கும் மிருதங்கத்துக்கும் இந்த மரத்தையே தேடுகிறார்கள் என்பதைப் படித்திருந்தோம். உலர்ந்த பலகையை விரலால் தட்டியபோது காரணம் காதுக்குத் தெரிந்தது.

2021 தைப்பொங்கலன்று ஊஞ்சல் கட்டினோம். அம்மா உட்கார்ந்து பலகையைத் தடவிப் பார்த்தார். இடப்பக்க விளிம்பில் ஒரு சாண் நீளத்துக்கு லேசான அலை இருக்கிறது. ஆணி பட்டபின் தீட்டிய சங்கிலியின் முதல் அறுப்பு அது. இழைத்துவிடலாம் என்று ஆசாரி ஐயா சொன்னார். வேண்டாம் என்றுவிட்டார் அம்மா. கொஞ்சம் ஆடிவிட்டு, "விளக்கு மாட்டுற ஆணி ஒண்ணு இருந்துச்சே, அத எங்கடா போட்டீங்க?" என்று கேட்டார்.

மூத்தவருக்குத் தெரியவில்லை. இளையவர் எழுந்து போய், அரங்கள் வைக்கும் தகர டப்பாவைக் கொண்டுவந்து திறந்தார். அடியில், எண்ணெய்த் துணியில் சுற்றி, பாதி ஆணி இருந்தது.